‘ஹோமர்³’: பின்னணியில் மிதக்கும் எண்களும் சமன்பாடுகளும் பொருட்களும் (சிம்ப்சன்ஸ், சீசன் 7)

பரிமாணன்

அமெரிக்கக் கார்ட்டூன் தொடரான ‘தி சிம்ப்சன்ஸ்’ 7-ஆவது சீசனின் 6-ஆவது எபிசோட் ‘ட்ரீஹவுஸ் ஆஃப் ஹாரர் 6’. ஃபாக்ஸ் சேனலில் 1995 அக்டோபர் 29 அன்று வந்தது. இயக்கம் பாப் ஆண்டர்சன். உள்ளே மூன்று குட்டிக் கதைகள். ஜான் ஸ்வார்ட்ஸ்வெல்டர், ஸ்டீவ் டாம்ப்கின்ஸ், டேவிட் எஸ். கோஹன் ஆளுக்கொன்று எழுதியிருக்கிறார்கள். இந்த இழை கோஹன் எழுதிய மூன்றாவது கதையான ‘ஹோமர்³’-க்கானது. மற்ற இரண்டைப் பற்றியும் யாராவது சொன்னால் நல்லதுதான், ஆனால் தோண்டத் தோண்ட வருவது இதில்தான்.

கதை தெரியாதவர்களுக்கு: ஹோமரின் மனைவி மார்ஜின் அக்காக்கள் வீட்டுக்கு வருகிறார்கள். அவர்கள் கண்ணில் படாமல் ஒளிய இடம் தேடும் ஹோமர் புத்தக அலமாரிக்குப் பின்னால் போகிறார், சுவருக்குள் கை போகிறது, முப்பரிமாண உலகத்துக்குள் நுழைந்துவிடுகிறார். அங்கே நடக்கும்போது சுற்றிலும் எண்களும் கூம்புகளும் சமன்பாடுகளும் மிதக்கின்றன. எதுவும் ஒப்புக்கு வைத்தது இல்லை. கணிப்பொறியும் காகிதமும் இருந்தால் ஒவ்வொன்றையும் நாமே சரிபார்த்துவிடலாம். அதைத்தான் இங்கே செய்யலாம் என்கிறேன்.

பார்க்கும் முறை பற்றி ஒரு வார்த்தை. எபிசோட் 4:3 சட்டகத்துக்கு வரையப்பட்டது. டிஸ்னி பிளஸ் 2019-இல் இதை 16:9-க்கு வெட்டிப் போட்டது. அகலத்தை அப்படியே வைத்து மேலும் கீழும் வெட்டினால் உயரத்தில் கால் பங்கு போய்விடும், மேலே மிதக்கும் எழுத்துகள் பாதியாக நிற்கும். 2020 மே மாதம் பழைய சட்டகத்தையும் தேர்ந்தெடுக்க வசதி வந்தது. தொடரின் விவரப் பக்கத்தில் ‘ரீமாஸ்டர்டு ஆஸ்பெக்ட் ரேஷியோ’ என்றிருப்பதை அணைத்துவிட்டுப் பாருங்கள். அது தானாக அணைந்திருக்காது. டிவிடி வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் கிடையாது, விஎல்சியில் ‘ஈ’ விசையைத் தட்டினால் ஒவ்வொரு ஃப்ரேமாக நகரும்.

கணக்குப்பிள்ளை

அந்த உலகத்தின் மகுடம் இந்த ஒரு வரிதான்:

1782¹² + 1841¹² = 1922¹²

ஃபெர்மாவின் கடைசித் தேற்றப்படி இது நடக்கவே கூடாது. அடுக்கு 2-க்கு மேல் போனால் இரண்டு முழு எண்களின் அடுக்குகளைக் கூட்டி மூன்றாவது முழு எண்ணின் அதே அடுக்கைப் பெற முடியாது. ஆனால் சயின்டிஃபிக் கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள், சரி என்று சொல்லும். எப்படி ஏமாற்றுகிறது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் 1782-இன் 12-ஆம் அடுக்கையும் 1841-இன் 12-ஆம் அடுக்கையும் கூட்டுங்கள். பத்து இலக்கத் திரையில் 2.541210259 × 10³⁹ என்று வரும். பிறகு 1922-இன் 12-ஆம் அடுக்கைப் போடுங்கள். அதே 2.541210259 × 10³⁹. கூட்டுத்தொகைக்கு 12-ஆம் மூலம் எடுத்தால் பளிச்சென்று 1922.

மூலம் எடுக்கும்போது பலரும் சறுக்கும் இடம்: அடுக்குக்குறி போட்டு 1÷12 என்று அடைப்புக்குறி இல்லாமல் அடிப்பது. கருவி முதலில் 1-ஆம் அடுக்கை எடுத்து, பிறகு மொத்தத்தையும் 12-ஆல் வகுத்து 2.1 × 10³⁸ என்று காட்டும். (1÷12) என்று அடைப்புக்குறிக்குள் போடுங்கள், அல்லது மூல விசையையே பயன்படுத்துங்கள். கடைக்காரர் வைத்திருக்கும் எட்டு இலக்கக் கருவி இதற்கு ஆகாது. விடை 40 இலக்கம், பாதி வழியிலேயே பிழை காட்டி நின்றுவிடும்.

இப்போது உண்மை. முழு எண்கள் இவை:

கூட்டுத்தொகை: 2541210258614589176288669958142428526657
1922¹²: 2541210259314801410819278649643651567616

முதல் ஒன்பது இலக்கம் ஒன்றே. பத்தாவது இலக்கத்தில் 8-க்கும் 9-க்கும் பிரிகிறது. ஆனால் திரை பத்தாவது இலக்கத்தை முழுமைப்படுத்திக் காட்டும். மேலே உள்ளதில் 8-க்கு அடுத்து 6 இருப்பதால் அது 9 ஆகிறது. கீழே உள்ளதில் 9-க்கு அடுத்து 3, அதனால் 9-ஆகவே நிற்கிறது. இரண்டும் ஒரே எண்ணாகத் தெரிவது இதனால்தான். உண்மையான 12-ஆம் மூலம் 1921.99999995586…

கருவியின் வாயிலிருந்தே உண்மையை வரவழைக்க வேண்டுமானால், மூலம் எடுத்த விடையை அழிக்காமல் அதிலிருந்து 1922-ஐக் கழியுங்கள். திரை பத்து இலக்கம் காட்டினாலும் உள்ளே கூடுதல் இலக்கம் வைத்திருக்கும் கருவி −4.4 × 10⁻⁸ அளவில் ஒரு விடை தரும். எக்செல்லில் =(1782^12+1841^12)^(1/12) என்று போட்டால் கட்டத்தில் 1922 என்றுதான் நிற்கும். தசம இடங்களைப் பத்தாக்கினால் உண்மை வெளியே வரும். விண்டோஸ் கால்குலேட்டர் 32 இலக்கம் காட்டுவதால் முதலிலேயே ஏமாறாது.

சுந்தரி_எஸ்

கால்குலேட்டரே வேண்டாம். 1782 இரட்டைப்படை, அதை எத்தனை தடவை பெருக்கினாலும் இரட்டைப்படை. 1841 ஒற்றைப்படை, அதன் அடுக்கும் ஒற்றைப்படை. கூட்டினா ஒற்றைப்படை. வலது பக்கம் 1922 இரட்டைப்படை. முடிஞ்சது. நீங்க போட்ட முழு எண்கள்லயே பாருங்க, ஒண்ணு 7-ல முடியுது, இன்னொண்ணு 6-ல முடியுது.

ஒரு கேள்வி. ஃபெர்மா தேற்றத்தை நிரூபிச்சுட்டதா ஆண்ட்ரூ வைல்ஸ் 1993 ஜூன்ல கேம்பிரிட்ஜ்ல அறிவிச்சாரு, ஓட்டை கண்டுபிடிச்சாங்க, 1994 செப்டம்பர்ல ரிச்சர்ட் டெய்லரோட சேர்ந்து அடைச்சாரு, 1995 மே மாசம் கட்டுரை வெளிவந்தது. எபிசோட் அதே வருஷம் அக்டோபர். அப்போ கோஹன் நேரா வைல்ஸ் நிரூபணத்துக்கு எதிரா ஒரு எடுத்துக்காட்டைக் காட்டுறார்னு எடுத்துக்கலாமா?

கணக்குப்பிள்ளை

காலப் பொருத்தம் உண்மைதான் சுந்தரி, அந்த நேரத்தில் ஃபெர்மா என்றால் நாளிதழ் படிப்பவருக்கும் தெரியும். ஆனால் இந்தக் குறிப்பிட்ட வரியைப் பொய் என்று சொல்ல வைல்ஸ் வரை போக வேண்டியதில்லை. 12 என்பது 4 × 3. ஆக 1782¹² என்பது (1782⁴)³. மூன்றையும் இப்படி எழுதினால் இது ஒரு கன சமன்பாடு. கனத்துக்குத் தீர்வு இல்லை என்பது ஆய்லர் காலத்துச் சங்கதி. அடுக்கை 3 × 4 என்று திருப்பிப் போட்டால் நான்காம் அடுக்கு. அதற்கு ஃபெர்மாவே நிரூபணம் எழுதி வைத்துவிட்டுப் போனார். வைல்ஸ் உண்மையிலேயே தேவைப்படுவது அடுக்கு பெரிய பகா எண்ணாக இருக்கும்போது.

ஸ்பிரிங்ஃபீல்டான்

அடுத்தது நான் எடுத்துக்கொள்கிறேன். ஒரு இடத்தில் இந்த எண் வரிசை மிதக்கும்:

46 72 69 6ஈ 6பி 20 72 75 6சி 65 73 21

இது ஹெக்ஸ் (16 அடிமான) முறையில் எழுதிய ஆஸ்கி குறியீடு, அதாவது கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண். முதல் இலக்கத்தை 16-ஆல் பெருக்கி இரண்டாவதைக் கூட்ட வேண்டும். 46 என்றால் 4×16+6 = 70, ஆஸ்கியில் 70 என்பது பெரிய ‘எஃப்’. 72 என்றால் 114, சிறிய ‘ஆர்’. 6ஈ என்பதில் ‘ஈ’-க்கு மதிப்பு 14 (‘பி’-க்கு 11, ‘சி’-க்கு 12), ஆக 110, சிறிய ‘என்’. 20 என்றால் 32, அது இடைவெளி. 21 என்றால் 33, ஆச்சரியக்குறி. முழுவதும் கோத்தால் ‘ஃப்ரிங்க் ரூல்ஸ்!’ என்று வரும். கதையில் முப்பரிமாணம் என்றால் என்ன என்று கரும்பலகையில் சதுரத்தைக் கனசதுரமாக இழுத்து விளக்கும் அதே பேராசிரியர் ஃப்ரிங்க்.

தவறு எங்கே நடக்கும் என்றால், 46-ஐச் சாதாரணப் பதின்ம எண்ணாக எடுத்துக்கொண்டு அட்டவணையில் தேடுவது. அப்படித் தேடினால் முற்றுப்புள்ளி வரும், அடுத்தது பெரிய ‘எச்’ வரும், 6ஈ வந்ததும் வண்டி நின்றுவிடும். வரிசைக்குள் எழுத்து கலந்திருப்பதே ஹெக்ஸ் என்பதற்கு அடையாளம்.

734 என்றும் ஒன்று உண்டு. அதற்கு ஆஸ்கி போடாதீர்கள், தொலைபேசி விசைப்பலகையைப் பாருங்கள். 7-இல் ‘பி’, 3-இல் ‘டி’, 4-இல் ‘ஐ’. இந்தப் பகுதியின் கணினி வரைகலையைச் செய்த பசிஃபிக் டேட்டா இமேஜஸ் நிறுவனத்தின் சுருக்கப் பெயர் பிடிஐ.

ரெண்டர்_மணி

பிடிஐ பேர் வந்ததால சொல்றேன். இந்த எபிசோட் வந்து நாலு வாரம் கூட ஆகலை, 1995 நவம்பர் 22 ‘டாய் ஸ்டோரி’ ரிலீஸ். முழுநீளக் கணினி அனிமேஷன் படம்னு ஒண்ணு உலகத்துல இல்லாத காலத்துல, ஞாயித்துக்கிழமை ராத்திரி டிவியில ஹோமரை முப்பரிமாணத்துல காட்டினாங்க. பிடிஐ பக்கம் மேற்பார்வை டிம் ஜான்சன். இவர்தான் பின்னாடி 1998-ல ‘ஆன்ட்ஸ்’ படத்தை எரிக் டார்னெலோட சேர்ந்து இயக்கினவர். அதே நிறுவனம் 2001-ல ‘ஷ்ரெக்’ பண்ணுச்சு.

எங்கே கஷ்டம்னு பாருங்க. ஹோமர் தலை இரு பரிமாணத்துக்குன்னே பிறந்த வடிவம். உச்சியில ரெண்டு வளைவு முடி, காதுக்கு மேல வளைஞ்சு வளைஞ்சு ஒரு கோடு. அந்தக் கோடு ‘எம்’, காது ‘ஜி’, தொடரை உருவாக்கின மேட் க்ரோனிங்கோட முதலெழுத்துகள். காகிதத்துல அது வெறும் கோடு, கனம் கிடையாது. முப்பரிமாணத்துல கோடுன்னா அது ஒரு கம்பி, அதுக்கு விட்டம் வேணும், தலையோட எந்த இடத்துல ஒட்டுதுன்னு முடிவு பண்ணணும், பின்பக்கத்துல எப்படி முடியுதுன்னு தெரியணும். முன்னாடி பார்த்தாலும் பக்கவாட்டுல பார்த்தாலும் வரைபவர் தன் இஷ்டத்துக்கு முடியை நகர்த்திக்கலாம், மாடலுக்கு அந்த வசதி இல்லை. கடைசியில கடையில வித்த ஹோமர் வினைல் பொம்மைகளை வாங்கி வச்சு, பொம்மைக்காரங்க எப்படித் தீர்த்தாங்கன்னு பார்த்துதான் முடியைப் பண்ணினாங்க.

அடுத்த கஷ்டம் அசைவு. மாடலை ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குச் சீரா நகர்த்தினா ரோபோ மாதிரி இருக்கும். அதனால சிம்ப்சன்ஸ் தரப்பு ஓவியர்களே ஸ்டோரிபோர்டு போட்டு, தாங்களா இருந்தா இந்த ஷாட்டை எப்படி வரைவோம்னு காட்டியிருக்காங்க. ஹோமர் உள்ளே போனதும் தன் வயிறு முன்னாடி தள்ளிக்கிட்டு நிக்குதேன்னு வியக்கிறது வசனத்துல இருக்கு. அது கதாபாத்திரத்தோட வியப்பும்தான், மாடல் பண்ணவங்க பட்ட பாடும்தான்.

பின்னணியில ஒரு டீ கெட்டில் வருது. அதைத் தவற விடாதீங்க. 1975-ல யூட்டா பல்கலைக்கழகத்துல மார்ட்டின் நியூவெல் வீட்டுல இருந்த மெலிட்டா கெட்டிலைப் பார்த்து உருவாக்கின வடிவம். வளைவு, குழிவு, கைப்பிடியில ஓட்டை, மூக்கோட நிழல் தன் வயித்து மேலயே விழுறது, இதெல்லாம் ஒரே பொருள்ல கிடைக்கிறதால ஒளி, நிழல், மேற்பரப்பு எதைச் சோதிக்கணும்னாலும் இதைத்தான் போடுவாங்க. முதல் வடிவத்துல அடிப்பக்கமே கிடையாது, 28 வளைபரப்புத் துண்டுகள். அடியை மூட 4 துண்டு சேர்த்தப்புறம் 32. நிஜக் கெட்டில் இன்னும் உயரம், கணினியில இருக்கிறது செங்குத்தா 1.3 பங்கு அமுக்கினது. அசல் இப்போ மவுண்டன் வியூ கணினி வரலாற்று அருங்காட்சியகத்துல இருக்கு.

பரிமாணன்

கெட்டிலோடு அந்தத் தூண் வைத்த கட்டடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது 1993-இல் சையன் நிறுவனத்தின் ராண்ட் மில்லர், ராபின் மில்லர் சகோதரர்கள் வெளியிட்ட ‘மிஸ்ட்’ விளையாட்டின் நூலகம். கட்டடம் திரையில் தெரியும்போது விளையாட்டின் இசையும் வரும், ஹெட்ஃபோனில் கேட்டால் தெளிவாகப் பிடிபடும்.

மூலக்கதை ‘தி ட்விலைட் ஸோன்’ தொடரில் 1962 மார்ச் 16 அன்று வந்த ‘லிட்டில் கேர்ள் லாஸ்ட்’. ரிச்சர்ட் மாதிசன் எழுதியது. அதில் ஒரு சிறுமி கட்டிலுக்குக் கீழே உருண்டு சுவர் வழியாக இன்னொரு பரிமாணத்துக்குப் போய்விடுவாள், குரல் மட்டும் கேட்கும். குடும்ப நண்பரான இயற்பியலாளர் சுவரில் சாக்பீஸால் வாசலின் எல்லையைக் குறிப்பார். ‘ஹோமர்³’-இல் குரல் மட்டும் கேட்பது, அறிவியலாளர் வந்து வரைந்து காட்டுவது, ஒருவர் உள்ளே போய் மீட்க முயல்வது எல்லாம் அங்கிருந்து வருபவை. இங்கே இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு உள்ளே போவது ஹோமரின் மகன் பார்ட்.

கட்டம் போட்ட தரைக்கு மூலம் 1982-இன் ‘ட்ரான்’. அதை ஹோமரே வாய்விட்டுச் சொல்கிறார், அந்தப் படத்தை யாராவது பார்த்தீர்களா என்று கேட்கிறார். ஒவ்வொருவரும் இல்லை என்கிறார்கள். போலீஸ் தலைவர் விக்கம் மட்டும் ஆமாம் என்று சொல்லிவிட்டு உடனே இல்லை என்று மாற்றிக்கொள்கிறார்.

சுந்தரி_எஸ்

மத்த ரெண்டு கதையையும் சுருக்கமா முடிச்சுடறேன். முதல் கதையோட தலைப்பு 1958 படம் ‘அட்டாக் ஆஃப் தி 50 ஃபுட் வுமன்’. டோனட்டைத் தூக்கிட்டு நிக்கிற லார்ட் லாட் சிலை, அமெரிக்காவுல பாப்ஸ் பிக் பாய் கடைகளுக்கு வெளியே நிக்கிற பையன் பொம்மை. விளம்பரப் பூதங்களைப் பார்க்காதீங்கன்னு ஹோமர் மகள் லீசாவோட சேர்ந்து பாடுறது நிஜப் பாடகர் பால் ஆன்கா, அவரே குரல் கொடுத்தார். ரெண்டாவது ‘எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்’, அந்தப் படத்துல கனவுல வந்து கொல்ற ஃப்ரெடி இடத்துல இங்கே பள்ளித் தோட்டக்காரர் வில்லி. அதுல பார்ட் கனவு ஆரம்பிக்கிற இடத்தோட வரைமுறையைக் கவனிங்க, டெக்ஸ் ஏவரி கார்ட்டூன் பாணி. எபிசோட் தொடக்கத்துல பார்ட் வழக்கமா எழுதுற கரும்பலகை வரி கிடையாது, தலையில்லாக் குதிரைக்காரனா கோமாளி க்ரஸ்டி வந்து தலையை நம்ம மேல எறிவார்.

வானியல்_வாசு

யாரும் தொடாத வரி ஒன்று இருக்கிறது, எனக்கு அதுதான் மிகவும் பிடித்தது. இன்றைய பருப்பொருள் அடர்த்தி > 3 × (ஹபிள் மாறிலி)² ÷ (8 × பை × நியூட்டன் ஈர்ப்பு மாறிலி). இதைக் கோஹனுக்குக் கொடுத்தவர் அவருடைய நண்பரான வானியலாளர் டேவிட் ஷிமினோவிச்.

வலது பக்கம் இருப்பது மாறுநிலை அடர்த்தி. பிரபஞ்சம் எவ்வளவு வேகமாக விரிகிறது என்று சொல்லும் ஹபிள் மாறிலியை 70 கிலோமீட்டர்/நொடி/மெகாபார்செக் என்று எடுத்துப் போட்டுப் பார்ப்போம். அலகை மாற்றாமல் போட்டால் அபத்தமான விடை வரும், எல்லாரும் தடுக்குவது இங்கேதான். ஒரு மெகாபார்செக் 3.086 × 10¹⁹ கிலோமீட்டர். 70-ஐ அதால் வகுத்தால் ஒரு நொடிக்கு 2.27 × 10⁻¹⁸. வர்க்கம் எடுத்து 3-ஆல் பெருக்கி, 8 × 3.1416 × 6.674 × 10⁻¹¹-ஆல் வகுத்தால் கன மீட்டருக்கு 9.2 × 10⁻²⁷ கிலோகிராம். ஹைட்ரஜன் அணுக் கணக்கில் கன மீட்டருக்கு ஐந்தரை அணு.

பருப்பொருள் இதைவிட அதிகம் என்றால் விரிவு ஒருநாள் நின்று, பிரபஞ்சம் தன்மேலேயே சுருங்கி விழும். கதையில் அதுதான் நடக்கிறது. ஹோமர் எறிந்த கூம்பு தரையைக் குத்துகிறது, ஓட்டை பெரிதாகிறது, அந்த உலகமே உள்ளே இழுக்கப்படுகிறது. சமன்பாடு முன்கூட்டியே முடிவைச் சொல்லிவிட்டது. இந்தத் தொடரில் பின்னணி எழுத்து ஒன்று கதையின் முடிவையே தாங்கி நிற்கும் இடம் இது.

நம் பிரபஞ்சத்தில் இந்தக் குறி பொருந்தாது. மொத்தப் பருப்பொருள், இருண்ட பருப்பொருளையும் சேர்த்து, மாறுநிலை அடர்த்தியில் சுமார் 30 விழுக்காடுதான். 1998-இல் தொலைதூர சூப்பர்நோவாக்களை அளந்த இரண்டு குழுக்கள் விரிவு வேகமெடுப்பதைக் கண்டன. பெர்ல்மட்டர், ஷ்மிட், ரீஸ் மூவரும் 2011-இல் நோபல் பெற்றது அதற்காக. 1995-இல் எழுதும்போது அந்தக் கேள்விக்கு விடை இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

ஸ்பிரிங்ஃபீல்டான்

அப்படிப் பார்த்தால் மற்ற வரிகளையும் இதே தராசில் வைக்கலாம். 1 + 1 = 2 உண்மை. ஈ என்ற மாறிலியின் (ஐ × பை) அடுக்கு = −1, ஆய்லருடையது, உண்மை. ஃபெர்மா வரி பொய். அடர்த்தி வரி நம் உலகில் பொய். மிச்சம் ‘பி = என்பி’. விடையைச் சரிபார்ப்பது எளிதாக இருக்கும் கணக்குகள் எல்லாவற்றுக்கும் விடை கண்டுபிடிப்பதும் எளிதா என்பது கேள்வி. 1971-இல் ஸ்டீபன் குக் வரையறுத்தார், 2000-இல் கிளே நிறுவனம் பத்து லட்சம் டாலர் பரிசு வைத்தது, இன்னும் யாரும் தீர்க்கவில்லை. பெரும்பாலான கணினியியலாளர்கள் சமம் இல்லை என்றே நினைக்கிறார்கள்.

இதை வைத்தவர் யார் என்பது முக்கியம். கோஹன் ஹார்வர்டில் இயற்பியல், பெர்க்லியில் கணினியியல் முதுகலை. ஒரு பக்கம் கருகிய தோசைகளைப் புரட்டிப் புரட்டி அளவுப்படி அடுக்க எத்தனை புரட்டல் தேவை என்ற கணக்கில் மேனுவல் ப்ளமுடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரையும் 1995-இல்தான் வந்தது. (அங்கே பான்கேக்.) ஃபெர்மா போலிகளைத் தேட நிரல் எழுதியதும் அவரேதான்.

கும்பகோணத்தான்

ஃபெர்மாவை நூலிழையில் தவறவிடும் எண்கள் என்றால் ராமானுஜனைச் சொல்லாமல் எப்படி? 1729 எல்லாருக்கும் தெரியும்: 9³ + 10³ = 12³ + 1. ஒன்றே ஒன்றில் தவறுகிறது. அது தற்செயல் இல்லை. ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் 1976-இல் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கண்டெடுத்த ராமானுஜனின் ‘தொலைந்த நோட்டுப்புத்தகத்தில்’ இப்படி முடிவில்லாமல் எண்களை உண்டாக்கும் வழியையே எழுதி வைத்திருக்கிறார். 135³ + 138³ = 172³ − 1. 791³ + 812³ = 1010³ − 1. 11161³ + 11468³ = 14258³ + 1.

கோஹனுடையதும் இதுவும் வேறு வேறு சாதி. 1782 வரியில் இரு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் 30 இலக்க எண், ஆனால் மொத்தத்தோடு ஒப்பிட்டால் நூறு கோடியில் கால் பங்கு சொச்சம். ராமானுஜனுடையதில் வித்தியாசம் வெறும் 1. 791-ஐயும் 812-ஐயும் கனம் எடுத்துக் கூட்டினால் 1030300999, பத்து இலக்கத் திரையில் முழுதாகத் தெரியும், அதனால் கருவியை ஏமாற்றாது. கூட்டுத்தொகையைப் பார்க்காமல் நேரே கன மூலம் எடுத்தால் மட்டும் 1010 என்று காட்டி ஏமாறும்.

கோஹன் பிறகு ‘ஃப்யூச்சராமா’ கார்ட்டூன் தொடருக்குப் போனபோது 1729-ஐக் கூடவே கொண்டு போனார்கள். அதில் வரும் ரோபோ பெண்டருக்கு வரும் வாழ்த்து அட்டையில் 1729, நிம்பஸ் விண்கலத்தின் எண் பிபி-1729. ‘தி லெஸ்ஸர் ஆஃப் டூ ஈவில்ஸ்’ எபிசோடில் பெண்டரும் இன்னொரு ரோபோவான ஃப்ளெக்ஸோவும் தங்கள் வரிசை எண்கள் இரண்டு கனங்களின் கூட்டல் என்று சொல்லிச் சிரிப்பார்கள். பெண்டர் 2716057, ஃப்ளெக்ஸோ 3370318. இரண்டாவது சுலபம்: 119³ = 1685159, இரு மடங்கு. முதலாவதுக்கு எதிர்ம எண்ணை அனுமதிக்க வேண்டும்: 952³ = 862801408, 951³ = 860085351, கழித்தால் 2716057.

சுந்தரி_எஸ்

சிம்ப்சன்ஸ்லயே இன்னொரு ஃபெர்மா போலி இருக்கே, ஹோமர் எடிசனைப் பார்த்து கண்டுபிடிப்பாளர் ஆகுற எபிசோட். ‘தி விசார்ட் ஆஃப் எவர்கிரீன் டெரஸ்’, 1998 செப்டம்பர் 20. கரும்பலகையில 3987¹² + 4365¹² = 4472¹². இதுல ஒற்றை இரட்டை சோதனை எடுபடலை. ரெண்டு ஒற்றை கூடி இரட்டை, வலது பக்கமும் இரட்டை. கடைசி இலக்கமும் ரெண்டு பக்கமும் 6!

கணக்குப்பிள்ளை

அருமையான இடம். அதே பலகையில் மேலே ஹிக்ஸ் போசான் என்ற அடிப்படைத் துகளின் நிறைக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது, கணக்கிட்டால் 775 ஜிஇவி (துகள் நிறையின் அலகு) அளவில் வரும். 2012-இல் அளந்தது 125. அது கிடக்கட்டும், நம் வரிக்கு வருவோம்.

இதன் உண்மையான 12-ஆம் மூலம் 4472.00000000706. கருவி ஏமாறும். கையால் பிடிக்க 3-ஆல் வகுத்துப் பாருங்கள். 3987-இன் இலக்கக் கூட்டல் 27, 4365-க்கு 18, இரண்டும் 3-இன் மடங்கு. அப்படியானால் இடப்பக்கம் முழுவதும் 3-இன் மடங்கு. 4472-க்கு 17, மடங்கு இல்லை. போலி.

ஆனால் 12-ஆம் அடுக்குக்கு இன்னும் அழகான பொறி உண்டு. ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி, ஓர் எண்ணின் 12-ஆம் அடுக்கை 3, 5, 7, 13 எதால் வகுத்தாலும் மீதி 0 அல்லது 1 மட்டுமே. (ஒன்று குறைத்தால் 2, 4, 6, 12, எல்லாம் 12-இன் வகுஎண்கள்.) எண் அந்தப் பகா எண்ணின் மடங்கானால் 0, இல்லையென்றால் 1. இடது பக்கத்து எண்கள் இரண்டுமே மடங்காக இல்லாவிட்டால் மீதி 1 + 1 = 2, வலது பக்கம் 2 வரவே வராது. ஆகவே 3, 5, 7, 13 ஒவ்வொன்றுக்கும் இடது எண்களில் ஒன்றாவது மடங்காக இருந்தே தீர வேண்டும்.

1782, 1841, 1922-ஐ இதில் போடுவோம். 1782 மூன்றின் மடங்கு, 1841 ஏழின் மடங்கு (7 × 263), அதனால் 3-இலும் 7-இலும் தேறுகிறது. 5-க்கும் 13-க்கும் யாரும் இல்லை, அங்கே விழுகிறது. 2-இல் ஏற்கனவே விழுந்தாயிற்று. 3987, 4365, 4472: 2-இலும் 5-இலும் தேறுகிறது, 3-இலும் 7-இலும் 13-இலும் விழுகிறது. 13-இல் இன்னும் விசித்திரம், வலது பக்கம் 4472 = 13 × 344, மீதி 0. இடது பக்கம் மீதி 2.

ரெண்டர்_மணி

ரெண்டுமே விழுறப்போ, கருவியாலயும் கையாலயும் பிடிபடாத போலி ஒண்ணு நம்ம தேடலாமா? நிரல் எப்படிப் போடணும்?

கணக்குப்பிள்ளை

போடலாம். சின்ன எண்ணை அ, பெரியதை ஆ, வலது பக்கத்தை இ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அ, ஆ ஜோடிக்கும் 12-ஆம் மூலம் எடுத்து, அருகிலுள்ள முழு எண்ணை இ-ஆக எடுத்து, தூரத்தைக் குறித்துக்கொள்வதுதான் அடிப்படை. மூன்று இடத்தில் தவறு நடக்கும்.

முதலாவது, அ மிகச் சிறியதாக இருந்தால் தேடலே வீண். 1¹² + 2000¹² எடுங்கள், மூலம் 2000-க்கு ஒட்டியே இருக்கும், ஆனால் அதில் ரசம் எதுவும் இல்லை. அ குறைந்தது ஆ-வில் பாதி என்று கட்டாயப்படுத்துங்கள். இரண்டாவது, சாதாரணத் தசம எண்ணுக்குப் பதினைந்து இலக்கம்தான் நம்பகம். தேடலுக்கு அது போதும், முடிவுக்குப் போதாது. கிடைத்ததைப் பைத்தானில் முழு எண்ணாகவே 1782**12 + 1841**12 - 1922**12 என்ற பாணியில் போட்டுச் சரிபாருங்கள். இந்த ஜோடிக்கு −700212234530608691501223040959 வர வேண்டும், வந்தால் உங்கள் நிரல் சரி. மூன்றாவது, ‘ஏமாற்றும் தூரம்’ இ-யின் நீளத்தைப் பொறுத்தது. பத்து இலக்கத் திரையில் இ நான்கு இலக்கம் என்றால் தூரம் 5 × 10⁻⁷-க்குள் இருக்க வேண்டும், ஐந்து இலக்கம் என்றால் 5 × 10⁻⁶.

எவ்வளவு கிடைக்கும் என்றும் கணிக்கலாம். 2000-க்குள் பாதி விதியோடு சுமார் பத்து லட்சம் ஜோடி. ஒவ்வொன்றும் ஏமாற்றும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று. ஆக ஓர் அடுக்குக்குச் சராசரியாக ஒன்று. கோஹனுக்கு 1782 கிடைத்தது இந்த வட்டாரத்தில்தான்.

பகா எண் சோதனைகளையும் தாண்ட வேண்டுமென்றால், இடது எண்களில் ஒன்றை 3 × 5 × 7 × 13 = 1365-இன் மடங்காக எடுங்கள். மற்றதும் இ-யும் இந்த நான்கில் எதற்கும் மடங்காக இருக்கக் கூடாது. ஒற்றை இரட்டையும் பொருந்த வேண்டும். நான்கு இலக்கத்துக்குள் 1365-க்கு ஏழு மடங்குகள்தான், ஜோடிகள் போதாது, கிடைப்பது அரிது. ஐந்து இலக்கத்துக்குள் 73 மடங்குகள், தூரமும் பத்து மடங்கு தளர்கிறது. சராசரிக் கணிப்பில் மூன்று நான்கு கிடைக்க வேண்டும். வடிகட்டிகளை மூலம் எடுப்பதற்கு முன்பே போடுங்கள், ஜோடிகளில் பாதிக்கு மேல் அங்கேயே கழிந்துவிடும்.

கிடைத்தால் அ, ஆ, இ மூன்றையும், முழு எண்ணாகக் கழித்து வந்த வித்தியாசத்தையும் சேர்த்து இங்கே போடுங்கள். அதை 17-ஆலும் 19-ஆலும் வகுத்துப் பார்க்கும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன்.